மழித்த கால்

சைக்கிள் பைத்தியம் பிடித்த ஊரான கொலம்பியாவின் துயித்தாமாவில் கால் முடியை மழித்திருப்பவன் பந்தய சைக்கிள்காரன்தான். வீட்டுக்குள் மிதிக்க ஏதாவது கேட்டு வந்தவரின் வழுவழுப்பான இடது காலைப் பார்த்ததுமே சைக்கிள் கடைக்காரர் எவெலியோ ரோலரை எடுத்து வைத்தார்.

"வீட்டுக்குள்ள ஓட்ட ட்ரெய்னர் ஸ்டாண்டே போதுங்க. அதுல சைக்கிளைப் பூட்டிடலாமே."

"அது கிழவிங்களுக்கு, சாம்பியன்! இதுல உருளை மேல சும்மா நிறுத்தி ஓட்டணும். அசந்தா கீழதான். உங்க காலுக்கு இதுதான் மரியாதை!"

வந்தவர் நெளிந்தபடி வலது காலையும் முன்னால் வைத்தார். அதில் கரடி மாதிரி முடி.

"நாளைக்கு இடது முட்டியில ஆபரேஷன். நர்ஸம்மா மழிச்சு விட்டாங்க. அப்புறம் தினம் பெடல் மிதிக்கணுமாம்."

"அதனாலென்ன? ஆறினதும் ரோலர்லயே மிதிங்க!"

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, வெளிய சொல்லிடாதீங்க. பொறந்து வளர்ந்தது இந்த ஊர்தான். ஆனா எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."

எவெலியோ எழுந்து போய்க் கடைக்கதவைச் சாத்தினார்.