இடப்பக்கப் பாதை

காட்டுக்குள் நடக்கும் சைக்கிள் பந்தயத்தில் சேவியர் மூன்று வருடமாக மாதேஷுக்குப் பின்னால்தான் வந்தான். இந்த முறை முந்திவிட்டான். ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இறங்கி, வழிகாட்டும் சிவப்பு ரிப்பனை வலப்பக்க மரத்திலிருந்து அவிழ்த்து இடப்பக்கம் கட்டினான். அந்தப் பக்கம் வளைவு தாண்டியதும் கல்குவாரிப் பள்ளம். மாதேஷ் வரும் சத்தம் கேட்டதும் அவசரமாகச் செயினைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

“என்னண்ணே ஆச்சு?”

“செயின் கழண்டுருச்சு. நீ போ.”

மாதேஷ் போகவில்லை. மண்டியிட்டு, கையெல்லாம் கிரீஸாக, செயினை மாட்டிக் கொடுத்தான்.

“நீங்கதானே முதல்ல வந்தீங்க, முன்னால போங்கண்ணே.”

“மூச்சு வாங்குதுடா. நீ போ.”

மாதேஷ் சிரித்தபடி இடப்பக்கம் மிதித்தான். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். வளைவில் அவன் முதுகு மறையும்வரை பார்த்துவிட்டு, சேவியர் வலப்பக்கம் திரும்பினான்.