எரியப்போகும் கடிதம்
சல்யூத் விண்வெளி நிலையத்தின் வட்டச் சன்னலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. இன்னும் அரைமணியில் மறுபடி இருட்டிவிடும். ரோதியோன் சரக்குக் கலத்துக்குள் தலைகீழாக மிதந்தபடி குப்பைப் பைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்க்கிறான். மூன்று வாரத்துக்கு முன்னால் ரொட்டியும் தண்ணீரும் அவன் மனைவியின் கடிதமும் கொண்டுவந்த கலம் இது. இப்போது அழுக்குத் துணிகளோடு நிலையத்திலிருந்து கழன்று விழுந்து, கடலுக்கு மேலே எரிந்துபோகக் காத்திருக்கிறது. பழைய குறிப்பேட்டைக் காலையில் அவன்தான் ஏதோ ஒரு பையில் திணித்துக் கட்டினான். கடிதம் அதற்குள் இருந்தது இப்போதுதான் உறைக்கிறது. "வெளிய வாய்யா, கதவைச் சாத்தணும். கீழேருந்து ரேடியோவுல கத்துறாங்க," என்கிறான் தளபதி யெஃபீம். "இன்னும் ரெண்டே பை!" "இதையேதான் அரைமணியா சொல்றே." ஒரு பை பிரிந்து, காலி டப்பாக்கள் ரோதியோனின் முகத்தைச் சுற்றி மிதக்கின்றன. யெஃபீம் அவன் காலைப் பிடித்து இழுத்து, கதவைச் சாத்தித் திருகுகிறான். ரோதியோனின் விரல்கள் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. "சமையல்கட்டுக் குழாய் இன்னும் ஒழுகுது," என்கிறான் யெஃபீம், திரும்பிப் பார்க்காமல். "நம்ம குட்டி வார்யாவுக்கு முன்பல் விழுந்துடுச்சு." விரல்கள் நிற்கின்றன. "அந்தக் கடுதாசியைத் தினமும் சத்தமாப் படிச்சு என் உயிரை வாங்கினியே, எப்படி மறக்கும்? கடைசி வரியை மட்டும் நான் சொல்லமாட்டேன். அதை நீயே சொல்லிக்கோ."