மரங்கொத்தியின் இணையதளம்

மரத்தில் பொந்து குடைந்து வாடகைக்கு விடும் மரங்கொத்தி, தொழிலுக்கு ஓர் இணையதளம் வேண்டுமென்று மயிலிடம் போனது. மயில் அமர்க்களமாகச் செய்து கொடுத்தது. தளத்தைத் திறந்ததும் தோகை விரியும், ஆட்டம் நடக்கும், பிறகு "எங்கள் கனவு, எங்கள் பயணம்" என்று எழுத்துகள் மிதந்து வரும்.

"பொந்து எங்க இருக்குன்னு போடலையே அண்ணே?" என்றது மரங்கொத்தி.

"அதெல்லாம் அடியில இருக்கு தம்பி. முதல்ல வர்றவங்களை அசத்தணும்."

மழை இறங்கிவிட்டது. பறவைகள் முட்டையிடும் இந்தப் பருவம் போனால் இனி அடுத்த ஆண்டுதான். பொந்துகள் காலியாகவே கிடந்தன. மயில் மட்டும், "ஊரே பார்க்குது!" என்று பூரித்தது.

ஒரு நாள் நனைந்துபோன மைனா ஒன்று கிளையில் ஒதுங்கியது. பொந்து தேடி அலைந்து, கிடைக்காமல், ஓர் ஓட்டு வீட்டு இடுக்கில் முட்டையிட்டிருப்பதாகவும் பூனைக்குப் பயந்து நாளைத் தள்ளுவதாகவும் சொன்னது.

மரங்கொத்தி பதறியது. "என் தளத்தைப் பார்க்கலையா அக்கா?"

"பார்க்காமலா? ரெண்டு தடவை பார்த்தேன். குஞ்சு பொரிஞ்சதும் காதுகுத்துக்கு உங்க ஆட்டத்தைத்தான் வைக்கணும்னு இருக்கேன். எவ்வளவு கேட்பீங்க?"