கைதாக ஓர் ஆள்

தானே ஓடி, தானே வலை வீசும் அந்தப் படகில் சூசைக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லை தாண்டினால் கைதாக ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் கம்பெனி அவனை ஏற்றியிருந்தது. ஆள் கிடைத்தால் ரோந்துக்காரர்கள் படகை விட்டுவிடுவார்கள்.

போன தடவை சிறைத் தரை குளிர்ந்தது என்று சூசை சொல்லியிருந்தான். இந்த முறை அவன் மனைவி ஜெசிந்தா பையில் கம்பளி வைத்து அனுப்பினாள்.

மூன்றாம் நாள் மீன் நிறைந்த படகு மட்டும் படகுத்துறைக்குத் திரும்பியது.

“கவலப்படாதீங்கக்கா, போட்டுல ஒரு கீறல்கூட இல்ல,” என்றான் கம்பெனி ஏஜென்ட், கரையில் நின்ற ஜெசிந்தாவிடம். “நாளைக்கு ஏற ஆள் வேணும். உங்க தம்பி சும்மாதான இருக்கான்? சூசை வர்ற வரைக்கும் அடுப்பு எரியணும்ல.”

ஜெசிந்தா படகுக்குள் எட்டிப் பார்த்தாள். கம்பளிப் பை பிரிக்கப்படாமல் இருக்கையின் மேல் கிடந்தது. ஏஜென்ட் அதை எடுத்து நீட்டினான்.

“அங்கயே கெடக்கட்டும்,” என்றாள். “தம்பிக்கு ஆகும்.”