பாண் ஓட்டோவுக்கு ஸ்தோத்திரம்

"போன கிழமை காகத்துக்கு ஸ்தோத்திரம். அதுக்கு முந்தின கிழமை முருங்கை பூத்ததுக்கு. இண்டைக்கு என்னவோ?"

ஆனந்தராசாவைப் பார்த்தபடி சோபனா பக்கத்துக் கதிரைக்காரியிடம் முணுமுணுத்தாள்.

"வீட்டில இவரின்ர பெண்சாதி பாக்கியரத்தினம் அக்கா மூண்டு வருசமாய்ப் படுக்கையில. அந்த மனுசிக்காக இவர் ஒருநாளாவது எழும்பி ஒரு சொல் சொல்லியிருப்பாரே?"

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள அந்தச் சிறிய சபையில் சாட்சி நேரம் நடந்துகொண்டிருந்தது. மகனுக்குக் கனடா விசா கிடைத்ததற்கு ஒருவர் நன்றி சொன்னார். மகள் கம்பஸ் படிக்கப் போவதற்கு இன்னொருவர்.

அடுத்து ஆனந்தராசா எழும்பினார். எப்போதும்போல் சட்டைப் பையில் போன் துருத்திக்கொண்டிருந்தது.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். செவ்வாய்க்கிழமை அந்த மழைக்குள்ளயும் பேக்கரிப் பாண் விக்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. புதன்கிழமை பக்கத்து வீட்டு ஸுல்பிகா..."

பின்வரிசையில் சிரிப்பு.

சபைச் செயலாளர் இரத்தினசிங்கம் மைக்கை எடுத்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பெரிய காரியம் ஏதும் இருந்தால் சொல்லுங்கோ. இல்லாட்டி இருங்கோ."

"ஓம் தம்பி."

ஆனந்தராசா கதிரையில் இருந்துவிட்டார்.

"நல்ல காலம். இனி எழும்பமாட்டார்" என்றாள் சோபனா.

அவருடைய சட்டைப் பைக்குள் ஏதோ கிசுகிசுத்தது. பதறிப்போய்ப் போனை எடுத்தவர், நிற்பாட்டப் போய் வேறெதையோ அழுத்திவிட்டார்.

குரல் சபை முழுக்கக் கேட்டது.

"என்னப்பா, ஏன் இருந்திட்டீங்கள்? ஸுல்பிகா வந்து யன்னலைத் திறந்துவிட்டு, இனிப்பு வட்டிலப்பம் எனக்கு வாயில தீத்தினதைச் சொல்லேல்லையே? கப்பல் ஊதினதையும் விட்டிட்டீங்கள். கட்டிலில கிடந்து ஒரு கிழமையாய்ச் சேர்த்து வச்சனான். எனக்கு எழும்பி வர ஏலாது எண்டுதானே உங்களிட்டச் சொல்லி விடுறனான்!"

சோபனா அவசரமாக வேதாகமத்தைப் புரட்டினாள்.

இரத்தினசிங்கம் மைக்கோடு இறங்கி வந்து போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"பாக்கியம் அக்கா, மன்னிக்கோணும். நீங்களே சொல்லுங்கோ. சின்னக் காரியமெண்டாலும் பரவாயில்லை."

போன் கலகலவென்று சிரித்தது.

"ஆர், இரத்தினசிங்கமே? உங்களுக்கும் ஒண்டு வச்சிருக்கிறன். மூண்டு ஞாயிறாய்ப் பாட்டு நடுவில இருமினீங்கள். நானும் விடாமல் ஜெபிச்சனான். இண்டைக்கு ஒருக்காலும் இருமேல்லை. ஸ்தோத்திரம்!"