கழுத்துப்பட்டையில் மஞ்சள்

நிச்சயதார்த்தத்தன்று உடுத்திய புது வேட்டியும் புதுச் சட்டையும் துவைக்கும் கல்லின்மேல் கிடந்தன. மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பெண்ணுக்குத் திருமணம். அன்றும் அவளுடைய தந்தை இவற்றையே அணிவதாக இருந்தார். புதுத்துணி என்பதால் இரண்டின் ஓரத்திலும் மஞ்சள் தடவியிருந்தார்கள்.

சட்டைக்கு அந்தப் பொட்டளவு மஞ்சள் பொறுக்கவில்லை. "இந்தக் கறையோடு நான் எப்படிச் சபையில் நிற்பேன்?" என்று சோப்பிடம் முறையிட்டது.

"அட மாப்பிள்ளை, ஒரு பகல் வெயிலில் கிட, அது தானாக வெளுத்துவிடும்" என்று சிரித்தது வேட்டி.

"உனக்கென்ன, இடுப்பில் செருகி மறைத்துக்கொள்வாய். நான் கழுத்தில் அல்லவா சுமக்கிறேன்!"

சோப்பு தேய்த்தது. மஞ்சள் இரத்தமாய்ச் சிவந்தது. சட்டை நடுங்கிப்போய், "இன்னும் அழுத்து, நிறுத்தாதே!" என்று கெஞ்சியது. சோப்பு பிரஷ்ஷையும் துணைக்கு அழைத்துக்கொண்டது. நிறம் போயிற்று, அதனோடு நூலும் போயிற்று.

திருமணக் காலையில் தந்தை வேட்டியை எடுத்து உடுத்தினார். வெயிலில் காய்ந்த அதன் ஓரத்தில் மஞ்சளின் சுவடே இல்லை. சட்டையை விரித்தவர், கழுத்துப்பட்டையில் விரல் நுழையும் அளவு கிழிசலைக் கண்டு, அதைத் திரும்ப மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். மனைவி அவசரமாக வேறொரு புதுச் சட்டையைப் பிரித்து, அதன் கழுத்தில் மஞ்சளைத் தொட்டுவைத்து, "ம், போட்டுக்கொள்ளுங்கள்" என்று நீட்டினாள்.

அந்த மஞ்சள் பொட்டு வாசலைக் கடந்து சபைக்குப் போவதை, அலமாரிக் கதவின் இடுக்கு வழியே சட்டை பார்த்துக்கொண்டிருந்தது.