ரோலர் சுற்றிப்போன இடம்

அக்கா வாளியில் பெயிண்டைக் கலக்க, தம்பி சுவரில் ரோலரை மேலிருந்து கீழாக இழுக்கிறான். ஓரத்து ஈரம் காய்வதற்குள் அடுத்த பட்டை அதன்மேல் ஏற வேண்டும், தாமதித்தால் கோடு விழும். செத்துப்போன அப்பா தினமும் நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் தலை சாய்த்த இடத்தில் எண்ணெய்க்கறை இருக்கிறது. அதனருகே வந்ததும் ரோலர் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. "பெயிண்ட் அடிக்கச் சொன்னா ஃபிரேம் போடறியாடா? அம்மா வர்றதுக்குள்ள இது போகணும். இதையே பாத்துக்கிட்டு சாப்பிடாம கிடக்கா." "அடிக்கறேன்க்கா." அவன் அடிக்கவில்லை. சுவர் முழுவதும் முடிந்து, கறை மட்டும் மிஞ்சுகிறது. அக்கா ரோலரைப் பிடுங்கி அதன்மேல் நாலு இழுப்பு இழுக்கிறாள். கறை மறைகிறது. ஆனால் அவன் சுற்றிப்போன ஓரம் ஏற்கெனவே காய்ந்துவிட்டது. ஜன்னல் வெயில் சாய்வாக விழ, அங்கே தலையளவு வட்டம் ஒன்று புடைத்துத் தெரிகிறது. அக்கா அதை விரலால் தடவுகிறாள். விரலில் பெயிண்ட் ஒட்டுகிறது, வட்டம் அப்படியே இருக்கிறது. வெளியே கேட் திறக்கும் சத்தம், பிறகு அம்மாவின் செருப்புச் சத்தம். "நாற்காலிய எங்கக்கா போடறது?" "இருந்த இடத்துலயே போடு." அவன் போடுகிறான். வட்டம் நாற்காலிக்கு மேலே, சரியாக அப்பாவின் தலை உயரத்தில் இருக்கிறது.